வீ.கா. ஓட்டுப் போட்ட சித்திரை

சித்திரை 13, புதன்

வெயில். காலை ஒன்பதுக்கே சத்துணவுக்கூடத்துச் சிமெண்ட் தரை காலைப் பொசுக்கியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு, சத்துணவுக்காரி எனக்கு இல்லை. இது போன வருஷ டைரி, கிழமை ஒத்துவராது. அடித்து எழுதிக்கொள்கிறேன்.

இன்று:
அரிசிச் சாக்குகளை உதறி வெயிலில் போட. ஆச்சு.
எலிப்பொறி. இன்னும் வாங்கவில்லை.
பெரிய அண்டாவில் ஓட்டை. கோவில்பட்டிக்குப் போகும்போது அடைக்கக் கொடுக்கணும்.

மத்தியானம் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், பூத் பார்க்க. இந்தத் தடவையும் எங்கள் பள்ளிக்கூடம்தான் பூத். லைட் எரியுதா, குடிதண்ணீர் உண்டா, நடக்க முடியாதவர்கள் ஏறிவரச் சரிவு உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். சரிவு இல்லை. "ஒரு பலகையாவது போட்ருங்கம்மா, எல்லாரும் வந்து ஓட்டுப் போட வசதி பண்ணணும்" என்றார். நல்ல மனிதர். மோர் கொடுத்தேன்.

சரி, நல்ல மனிதராக இருக்கிறாரே என்று கேட்டுவைத்தேன். "ஆட்டுக்கிடையோட வெளியூர்க் காட்டுல கிடக்கவங்களுக்கு என்ன வசதி சார்?"

"அன்னைக்கு ஒருநா லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்கம்மா."

ஆட்டுக்கு யார் லீவு கொடுப்பது? சிரித்துவிட்டு மோர்ச் செம்பை வாங்கி வைத்தேன்.

வீ.கா. இதுவரை ஓட்டே போட்டதில்லை. வீ.கா. என்றால் வீட்டுக்காரர். சர்க்கார் காகிதத்தில் அவர் பெயரை எழுதித்தான் ஆகவேண்டியிருக்கிறது, தலைவிதி. இது என் காகிதம், இங்கே எதற்கு? வாயால் சொன்னதும் இல்லை. சாமிக்கும் அவருக்கும் ஒரே பெயர் வேறு. கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தால்கூட, "தெக்க இருக்கவருக்கா?" என்றுதான் கேட்பேன்.


சித்திரை 15, வெள்ளி

காற்றே இல்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து அடுப்படி நாசம்.

போன தேர்தலை நினைத்துக்கொண்டே மாவைத் துடைத்தேன். அன்றைக்குப் பெண்கள் வரிசையில் நின்றேன். ஆண்கள் வரிசையில் ஒருவன், செவப்பு, ஒல்லி, நெற்றியில் விழுகிற கிராப்பு. எந்த ஊரோ. மேசை முன்னால் போய் வீ.கா. பெயரைச் சொன்னான், மாமனார் பெயரையும் சொன்னான், மை வைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பின்னால் நின்ற ராசம்மா, "ஏட்டி பேச்சி, ஒம் மாப்பிள்ள எப்பட்டி இம்புட்டு செவந்தாரு?" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தேன், இறங்கவில்லை.

வீ.கா.விடம் சொன்னதற்கு அவரும் சிரித்தார். "நான் போடாட்டாலும் என் ஓட்டு தவறாம விழுதுல்லா, விடு." எனக்கு அது சிரிப்பு இல்லை. அவர் இருக்கும்போதே இல்லாத மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்றுதான் இருந்தது. இந்தத் தடவை அவர் ஓட்டை அவரே போடணும்.

கிடையில் நாலு வீட்டு ஆடுகள், நாலு ஆண்கள். வீ.கா.வின் அண்ணன் பெரியத்தான்தான் கீதாரி, கிடைக்குத் தலைவர். ராத்திரிக்கு ஒரு காட்டில் ஆட்டை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலம் வைத்திருக்கிற சம்சாரிகள் முறை சொல்லிவைத்துக் கூப்பிடுவார்கள். முறை தப்பினால் பெரியத்தான் வாக்குத் தப்பியதாக அர்த்தம். இப்போது கடம்பூர்ப் பக்கம் கிடக்கிறார்கள். கடம்பூரில் கிடக்கிற ஆட்டை விட்டுவிட்டு இங்கே வந்து ஓட்டுப் போட முடியாது.

ஆள் வர முடியாவிட்டால் ஆடே வரட்டுமே!

மாவைத் துடைத்த துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டினாற்போல் ரெங்கசாமி நாயக்கர் காடு. பருத்தி பிடுங்கிச் சும்மாதான் கிடக்கிறது. சாயங்காலம் போய்க் கேட்டேன். நாயக்கர் பேச்சில் பாதி தெலுங்கு. "மஞ்சிதி அம்மா, மஞ்சிதி! கிடை தானா வந்தா வேண்டாம்னு சொல்லுவனா?" என்றார்.

இனி கடம்பூர்.


சித்திரை 18, திங்கள்

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வெயிலில் ரோட்டுத் தார் இளகி டயரில் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

கிடை இப்போது மைதீன் பாய் காட்டில். அவருக்குக் கடைத்தெருவில் பலசரக்குக்கடை, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். தேர்தலுக்கு முந்தின ராத்திரியும் தேர்தல் ராத்திரியும் அவர் முறையில்தான் வருகிறது. பெரியத்தானைக் கேட்டால் முடியாது என்பார். வாக்கு கொடுத்தவரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, வாங்கினவரைக் கேட்போம் என்று நேரே கடைக்குப் போய்விட்டேன்.

பாய் பருப்பு நிறுத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். "ரெண்டு ராத்திரி கிடை எங்கூருக்கு வரணும் பாய். பொறவு வந்து ஒங்க காட்டுல அடைப்பாவ."

"எதுக்கும்மா?"

"ஓட்டுப் போட."

"ஆடா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பாய் தராசைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்கிடாதம்மா. எங்க அத்தா யாவாரத்துக்கு வெளியூரு வெளியூராப் போவாவ. அவிய ஓட்டையும் எவனோதான் போட்டான், கடைசி வரைக்கும். கூட்டிட்டுப் போ. என் முறை எங்கயும் ஓடிறாது."

காட்டுக்குப் போய்ச் சொன்னேன். பெரியத்தான் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பாய் மனசாரச் சொன்னாரா?" "மனசாரத்தான் சொன்னாரு." "அப்பம் சரி."

வீ.கா. உடைமரத்து நிழலில் நின்றார். கறுத்து, இன்னும் இளைத்து. "ஏட்டி, ஒரு ஓட்டுக்கா இம்புட்டு அலையுத?" என்றார். "ஒரு ஓட்டு இல்ல, நாலு ஓட்டு" என்றேன். உண்மையில் ஒன்றுக்குத்தான் அலைந்தேன்.

திரும்பும்போது போளி வாங்கினேன். பாதி பஸ்ஸிலேயே காலி. கோவில்பட்டி வழியாகத்தான் பஸ், அண்டாவை எடுத்துப்போக மறந்துவிட்டேன்.


சித்திரை 21, வியாழன்

கண் எரிச்சல். ராத்திரி வெளியில் படுத்தும் தூக்கம் இல்லை.

ராசம்மா வந்தாள். அவள் வீட்டுக்காரரும் கிடையில்தான். அவள் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் குச்சி மருந்துக்குக் கலக்கும் பச்சைச் சாயம் கொஞ்சம் மிச்சம் கிடைத்ததாம், ஆட்டுக்குக் குறி போட அனுப்பிவிட்டிருக்கிறாள். மயிர் கத்தரித்த பிறகு வீட்டுக்கு ஒரு நிறமாகக் குறி போடுவது வழக்கம். எங்கள் வீட்டு ஆட்டுக்கு மஞ்சள். "இந்த வருசம் எங்க ஆடு பச்சைப் பசேல்னு இருக்கும் பாரு" என்றாள்.

எலிப்பொறி வாங்கியாச்சு. பலகையும் ஒன்று கிடைத்தது, சரிவுக்கு. ஏறிப் பார்த்தேன், ஆடுகிறது. அடியில் கல் கொடுக்கணும்.


சித்திரை 24, ஞாயிறு

பொழுது சாயும்போது கிடை வந்தது. மேற்கே புழுதி தெரிந்தது, பிறகு சத்தம், பிறகு ஆடு. நாயக்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டு முகப்பிலேயே நின்று வரவேற்றார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாக வந்த மாதிரி அதே நேரத்தில் ஜீப்பில் ஓட்டு மெஷினும் வந்து இறங்கியது. பூத்துக்குப் பெரிய ஆபீசர் ஒரு டீச்சரம்மா, தூத்துக்குடிப் பக்கம். கண்டிப்பான முகம். ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதிசயம்: நேற்று சாயங்காலமே இரண்டு கட்சிக்காரர்களும், கிடை எந்த வழியில் வருகிறது என்று விசாரித்துக் காட்டுக்குள்ளேயே போய் அவர்களைப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் கிடைக்கு வழி கேட்டு வந்த முதல் வெள்ளைவேட்டிகள். என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பெரியத்தான், "ஆட்டுக்கு ஊசி போட டாக்டர் காட்டுக்கு வரணும். நாங்க ஆஸ்பத்திரிக்கு ஆட்டத் தூக்கிட்டு வர முடியாது" என்றாராம். எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். வருவார்களோ மாட்டார்களோ, எழுதிக்கொண்டார்கள்.

வீ.கா. வீட்டில் குளித்தார். அழுக்கு எவ்வளவு! வெள்ளைச்சட்டை பெட்டியில் கிடந்தது, அந்துருண்டை வாடை. கொடியில் காயப்போட்டேன். அவருக்குப் போட்டோ அட்டை கிடையாது. படம் எடுக்க வந்த அன்றைக்கும் இவர்கள் கிடையில்தான். ரேஷன் கார்டு போதும் என்று டீச்சரம்மாவிடம் கேட்டுவைத்துக்கொண்டேன்.

"எந்தப் பொத்தான அமுக்க?" என்றார் வீ.கா.

"அத என்ட்ட கேட்டா நான் எதுக்கு இம்புட்டுப் பாடுபட்டேன்?"

திரும்பிப் படுத்துவிட்டார். சிரித்த மாதிரி இருந்தது.


சித்திரை 25, திங்கள். தேர்தல்

விடியும்போதே வெக்கை. ஆபீசர்களுக்கு இட்லி, சட்னி. முதல் ஆளாய்ப் போய் என் ஓட்டைப் போட்டுவிட்டு அடுப்புக்கு வந்துவிட்டேன். ஆடுகளுக்கு உடங்காய், உடைமரத்துக் காய்தான், சாக்குச் சாக்காகக் கொட்டிக் கிடையைச் சுற்றிக் கட்டிய வலைக்குள்ளேயே நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் காவல், இரண்டு பேர் ஓட்டு, பிறகு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

எட்டு மணிக்கே வில்லங்கம். பூத்தில் ஒரு கட்சிக்கு ஏஜெண்டாகப் பரமசிவம் என்று ஒருவர், பக்கத்து ஊர். தேர்தல் தவறாமல் எங்கள் பூத்தில்தான் உட்காருவார். சட்டம் என்றால் அவருக்குச் சர்க்கரைப்பொங்கல். ஜன்னல் வழியே ஆட்டைப் பார்த்துவிட்டார்.

"மேடம்! நூறு மீட்டருக்குள்ள கட்சிக் கொடி!"

பார்த்தால் உண்மைதான். எங்கள் ஆடு மஞ்சள், ராசம்மா ஆடு பச்சை, மற்ற இரண்டு வீட்டுக் குறியும் மங்கல். வலைக்குள் ஒன்றாக நின்றதும் பச்சையும் மஞ்சளுமாக, இந்தத் தடவை நிற்கிற ஒருவருடைய கொடியேதான்! நாலு வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஊரே கொடியும் தோரணமுமாகக் கிடக்கும்போது நாங்கள் ஆட்டைத்தான் பார்த்திருக்கிறோம்.

போலீஸ்காரர், ஆட்டைக் கிளப்பச் சொன்னார். கிளப்பினால் ஓடைக்குத்தான் ஓட்டணும், நிழல் அங்கேதான். நாலு பேரும் போகணும். வெயில் தாழ்ந்து திரும்புவதற்குள் ஓட்டு முடிந்துவிடும். வீ.கா. கம்பை எடுத்தே விட்டார். "விடு பேச்சி, நமக்குக் குடுத்துவச்சது அம்புட்டுதான்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது, சத்துணவுக்கூடத்துக் கழுவுநீர்க் குழி. காலையில் பாத்திரம் கழுவிய தண்ணீரில் கரிசல் மண் குழம்பாகக் கிடந்தது. கரிசலைப் பற்றித் தெரியாதா? காலில் ஒட்டினால் செருப்பைக் கழற்றி எறிந்தாலும் விடாது.

"குறி தெரியாட்டாப் போதும்லா சார்?" என்றேன் போலீஸ்காரரிடம். அவர் டீச்சரம்மாவைப் பார்த்தார். "நிறம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் அவர்.

ராசம்மாவைக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற நாலைந்து பெண்களும் இடத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார்கள். வலைக்குள் நாங்கள் கால் வைத்ததும் பெரியத்தான் முகம் போன போக்கு! கிடைக்குள் பெண்கள் நுழைகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "குறி போயிட்டா எது எவன் ஆடுன்னு நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். வீ.கா. குறுக்கே, "காஞ்சா உதுந்துரும்ணே. நமக்குள்ள என்ன?" என்றார். அண்ணனை மறித்து அவர் பேசி நான் கேட்டதில்லை. பெரியத்தான் திரும்பி நின்றுகொண்டார். அதுவே உத்தரவு.

ஆட்டைப் பிடி, சேற்றை அப்பு, விடு. சேலை நாசம், முடியெல்லாம் மண். பத்து மணிக்குள் மொத்தக் கிடையும் ஒரே கறுப்பு. பரமசிவம் வந்து வலையைச் சுற்றிப் பார்த்தார். "இப்பம் சட்டப்படி சரி" என்றார், மனப்பூர்வமாக. அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது குடிதண்ணீர்ப் பானைப் பக்கம் ஒருவன். செவப்பு, ஒல்லி, கிராப்பு. போன தடவை வீ.கா.வாக இருந்தவன்! இரண்டு செம்பு தண்ணீர் குடித்தான். "இதென்ன ஆடு?" என்றான். "எங்க ஆடு. ஆட்டுக்காரரும் வந்துருக்காவ, அந்தா நிக்காவ" என்றேன். பார்த்தான். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டான். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன், அதற்குமேல் என்ன?

பதினொன்றுக்குப் பெரியத்தான் ஓட்டுப் போட்டார். போட்டுவிட்டு வெளியே போகாமல் தம்பிக்காக வாசலிலேயே நின்றார். அடுத்து வீ.கா. வெள்ளைச்சட்டையில் சேறு. நான் ஆபீசர்களுக்கு டீ கொண்டுபோகிற சாக்கில் உள்ளே.

மேசையில் பெயர் வாசித்தார்கள். பரமசிவம் எழுந்துவிட்டார்.

"மேடம், இவரு இல்ல."

"என்னது?"

"........ஐ எனக்கு நல்லாத் தெரியும் மேடம். செவப்பா, ஒல்லியா, கிராப்பு வச்சிருப்பாரு. நானும் மூணு எலெக்சனாப் பாக்கேன், தவறாம வருவாரு. இந்த ஆள நான் பாத்ததே இல்ல."

பொய் இல்லை. அந்த மனிதர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அவருக்கு வீ.கா. என்றால் அந்தக் கிராப்புக்காரன்தான்! வீ.கா. ரேஷன் கார்டை நீட்டினார், அதில் முகமா இருக்கிறது? கார்டோடு ஓரெட்டு பின்வாங்கினார். ஆட்டுக்கிடாய் முட்ட வந்தால் அசையாதவர்.

"அவருதான், அவருதான்" என்று வரிசையிலிருந்து சத்தம். டீச்சரம்மா கையை உயர்த்தினார். "எல்லாரும் கத்தக் கூடாது. பொறுப்பா ஒருத்தர் வந்து ஆள் பெயரைச் சொல்லி, இவர்தான்னு சொல்லணும்." சுற்றிப் பார்த்தவர் கண் என்மேல் விழுந்தது. "நீங்க அரசாங்க ஊழியர். இவரைத் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரரு."

"பெயர்?"

டீத்தட்டைக் கீழே வைத்தேன். கை தானாகப் பென்சிலைத் தேடியது. எங்கே கேட்டாலும் எழுதித்தானே காட்டுவேன். வாசலில் பெரியத்தான் நிற்கிறார். வரிசையில் ஊரே நிற்கிறது. ராசம்மா, "அவ சொல்ல மாட்டா டீச்சர், நான் சொல்லுதேன்" என்கிறாள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, என் மேல்தான் என்று நினைக்கிறேன். எந்த ஊர் என்றே தெரியாத ஒருவன் இதே மேசை முன்னால் நின்று அந்தப் பெயரைக் கூசாமல் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மட்டும் என்ன கூச்சம்? அவனைவிடவா எனக்கு உரிமை குறைவு?

"சுடலைமுத்து" என்றேன்.

பயத்தில் சத்தமாக வந்துவிட்டது. மேசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்த வீ.கா. சட்டென்று என் பக்கம் திரும்பி, "என்னட்டீ?" என்றார்.

முதலில் சிரித்தது டீச்சரம்மாதான். பிறகு மொத்தப் பள்ளிக்கூடமும். பரமசிவம்கூட. "கூப்பிட்டதும் திரும்புதாரு மேடம், அவராத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டார். வாசலில் பெரியத்தான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. டீ ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெஷின் நீளமாகக் கீச்சென்றது. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

மற்ற இரண்டு பேரும் சாயங்காலத்துக்குள் போட்டாயிற்று. நடக்க முடியாத இருவர் பலகையில் ஏறிப் போனார்கள். பலகை ஆடவில்லை.


சித்திரை 26, செவ்வாய்

வெயில்தான். மேற்கே கொஞ்சம் மேகம், பெய்யாது.

சேறு காய்ந்து உதிர்ந்துவிட்டது. விடிந்ததும் பச்சை பச்சையாக, மஞ்சள் மஞ்சளாக ஆடுகள். எது எவர் வீட்டு ஆடு என்று ஒரு சண்டையும் வரவில்லை. நாயக்கர் இன்னும் ஒரு ராத்திரி கேட்டுக் கெஞ்சினார். பெரியத்தான், "பாய்க்கு வாக்கு" என்று மறுத்துவிட்டார்.

அண்டா ஓட்டை இன்னும் அப்படியே.
சேலையில் கரிசல் கறை. மூன்று தடவை அலசியும் போகவில்லை.
டீச்சரம்மா போகும்போது ரசப்பொடி கேட்டார். கொடுத்தேன்.

யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கூழ் குடிக்கும்போது மை வைத்த விரலை மட்டும் கும்பாவில் படாமல் தூக்கிவைத்துக்கொண்டே குடித்தார். "அது அழியாது, பயப்படாதீக" என்றேன். "தெரியும். இருந்தாலும்" என்றார்.

கம்பை எடுத்தார், கம்பளியைத் தோளில் போட்டார். வாசல் தாண்டி இரண்டெட்டு போனவர் திரும்பி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "ஏட்டி, இன்னொரு தடவ கூப்பிடேன்" என்றார்.

"அடுத்த எலெக்சனுக்கு" என்றேன்.

சுடலைமுத்து கடம்பூர் போயாச்சு. உளுந்து ஊறப்போடணும்.